சுவரேறிய முகங்கள்: நீலகிரியில் புகைப்படத் தாளின் கதை

தென்னாட்டு மலைகளுள் நீலகிரியைப் போல் அடிக்கடி படம்பிடிக்கப்பட்ட மலை வேறொன்று உண்டா என்பது ஐயமே. 1860கள் தொட்டு அதன் ஏரிகளும் சோலைகளும் தோதவர் மந்துகளும் ஒளிப்படக் கருவியின் முன் நின்றுகொண்டே இருக்கின்றன. ஆயினும் அம்மலையில் உழைத்து வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் தம் முகத்தைத் தம் வீட்டுச் சுவரில் காண்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. படம் எடுக்கப்படுதல் வேறு. அப்படத்தை உடைமையாகக் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கு ஒரு தாள் தேவைப்பட்டது. அத்தாளின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண முயல்கிறோம். கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை வைத்துக்கொண்டு சுவரில் ஒன்றையும் மாட்டாதிருக்கும் நம் காலத்திற்கு அவ்வரலாறு சொல்லக்கூடியது ஒன்று உண்டு என்று கருதுகிறோம்.

சுவரில் உருவம் தீட்டுதல் நமக்குப் புதியதன்று. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியனைச் சங்க நூல்கள் குறிக்கின்றன. அவன் உயிர்நீத்த மாடமே அவன் பெயருக்கு அடையாயிற்று. நீலகிரியிலோ சுவருக்கு முன்பே பாறை இருந்தது. கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூரிலும் வெள்ளரிக்கொம்பையிலும் உள்ள பாறை ஓவியங்களில் மனிதரும் விலங்குகளும் காணப்படுகின்றனர். மலைமேல் ஆங்காங்கே நிற்கும் கல்திட்டைகள் சிலவற்றின் உட்பலகைகளில் வீரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இறந்தோரை நினைக்க ஓர் உருவம் வேண்டும் என்னும் எண்ணம் அம்மலைக்கு அயலார் கொண்டுவந்து தந்ததன்று. அவர்கள் கொண்டுவந்தது கருவி மட்டுமே.

வெள்ளையர் வந்த பின்

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல்பங்களா எழுந்தது. ஐரோப்பியர் குடியிருப்பும், படைவீரர் ஓய்விடமும், பின்னர்ச் சென்னை அரசின் கோடைத் தலைநகரும் அங்கே வளர்ந்தன. அவர்களோடு புகைப்படக்காரரும் வந்தனர். சென்னையில் தொழில் நடத்திய நிக்கோலஸ் சகோதரர்கள் உதகையிலும் கடை வைத்தனர். 1865இல் இளைஞராக இந்தியா வந்த ஏ.டி.டபிள்யூ. பென் அவர்களிடம் பணிபுரிந்து, பின்னர் உதகையில் தம் பெயரிலேயே ஸ்டூடியோ நடத்தினார். 1924இல் இறக்கும்வரை அவர் வாழ்வு இம்மலையோடு பிணைந்திருந்தது. இமயத்துப் படங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பர்னும் 1869இல் நீலகிரிக்கு வந்து படங்கள் எடுத்துச் சென்றார்.

அக்காலத்தில் ஒரு படத்தைத் தாளில் ஏற்றுவது எத்தகைய வேலை என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்பது நன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உலருமுன்பே கழுவியும் ஆகவேண்டும். ஆகவே படம் எடுக்கச் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் இரசாயனப் புட்டிகளும் கூலியாட்கள் தலையில் உடன் சென்றன. படியெடுக்கும் தாளோ முட்டையின் வெண்கரு பூசியது. 1888இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்று அத்தகைய தாளுக்காகவே ஓராண்டில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளைச் செலவிட்டது. அத்தாளைக் கண்ணாடி நெகட்டிவின் கீழ் வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கி, வெயிலில் கிடத்துவர். ஒளிபட்டு உருவம் தானே கருத்து எழும். பின் பொன் உப்பில் நிறமேற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, நீரில் அலசி, சுருண்டுகொள்ளும் அம்மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டவேண்டும். நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவே. மேகம் மூடிய ஆடி மாதத்து உதகையில் ஒரு படி எடுப்பது எளிதாக இருந்திராது.

வெள்ளியும் பொன்னும் முட்டையும் வெயிலும் சேர்ந்த இப்பொருளை யார் வாங்கினர்? தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் கோடைக்கு வந்தோரும் வாங்கினர். அவர்கள் அவற்றை ஆல்பங்களில் ஒட்டினர். சட்டமிட்டுக் கணப்பு மாடத்தின் மேல் வைத்தனர். தாயகம் திரும்பும்போது பெட்டியில் எடுத்துச் சென்றனர். பென் எடுத்த படங்களைத் தேடித் தொகுத்தவர் அவருடைய வழித்தோன்றலாகிய கிறிஸ்டோபர் பென். நீலகிரிப் படங்களின் வரலாறு பெருமளவு இங்கிலாந்தில் இருந்தே மீட்டெடுக்கப்பட்டது என்பது தற்செயலன்று. தாள் சென்ற இடத்திற்கு நினைவும் சென்றது.

படங்களுள் நின்றவர் நிலை வேறு. 1873இல் நீலகிரியின் தொல்குடிகளைப் பற்றி இரண்டு நூல்கள் ஒளிப்படங்களுடன் வெளிவந்தன. ஒன்று, மாவட்டத்தின் முதல் கமிஷனராயிருந்து 1872இல் இறந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதியது. மற்றொன்று, மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனிதரின் குணத்தைக் கணிக்கலாம் என நம்பிய வில்லியம் மார்ஷல் தோதவரைப் பற்றி எழுதியது. அந்நம்பிக்கை அறிவியலன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் அதன் பொருட்டு நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுக்கப்பட்ட முகங்கள் அந்நூலில் இன்றும் நம்மை நோக்குகின்றன. அக்காலத்து விற்பனைப் படங்களின் அடியில் 'தோதவர் குழு', 'தோதவர் மந்து' என்றாற் போன்ற குறிப்புகளைக் காணலாம்; நிற்பவரின் பெயரைக் காண்பது அரிது. எடுத்தவரின் பெயர் உண்டு, ஊரின் பெயர் உண்டு, குடியின் பெயர் உண்டு. முகத்துக்கு உரியவரின் பெயர்தான் இல்லை. 1901–02இல் அங்கு வந்து தங்கிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் தோதவரின் வம்சாவளிகளைப் பெயர் பெயராகக் கேட்டு எழுதி 1906இல் நூலாக்கினார். தம் முன்னோரின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் நினைவில் வைத்திருந்தமையை அந்நூல் காட்டும். பெயர் தெரிந்தவர் மந்தில் இருந்தனர். படமோ கடல் கடந்து இருந்தது. இரண்டும் ஓரிடத்தில் சேரவில்லை.

தமிழ் வீட்டின் சுவர்

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். தமிழ் வீடுகளில் முதலில் சட்டமேறியவர் மனிதரல்லர், தெய்வங்களே. 1894இல் பம்பாயில் தொடங்கிய இரவிவர்மாவின் அச்சகம் இலக்குமியையும் சரசுவதியையும் விலைமலிவான வண்ணத் தாளில் ஏற்றியது. பின்னர்க் கோவில்பட்டியின் கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணாக்கரும் தீட்டிய உருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாகப் பட்டிதொட்டி எங்கும் பரவின. ஆண்டு முடிந்ததும் காலண்டரிலிருந்து சாமியைக் கத்தரித்துப் பிரேம் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வாங்கி மாட்டும் வழக்கம் எளிய வீடுகள் வரை சென்றது. கண்ணாடி அங்கே அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. சந்தனமும் குங்குமமும் இடப்படும் படத்திற்கு அது காப்பு. சட்டத்தின் மேல்விளிம்பு பூச்சரம் தாங்கும் இடம். ஆகவே சட்டமிட்ட படம் என்பது நம்மவர்க்கு முதலில் வழிபடு பொருளாகவே அறிமுகமாயிற்று.

இதனால்தான் மனிதரின் படம் சுவரேறியபோது அதுவும் ஏறக்குறைய அவ்விதியையே ஏற்றது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியோர் பலர். உயிரோடிருக்கையில் தனிப்படம் எடுக்காத பாட்டியின் முகத்தை, யார் திருமணத்திலோ எடுத்த குழுப்படத்தின் ஓரத்திலிருந்து பிரித்தெடுத்து, என்லார்ஜ் செய்து, டச்சிங் செய்து, பதினாறாம் நாளுக்குள் தருமாறு ஸ்டூடியோக்காரரிடம் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ. அவர் மங்கிய கண்ணுக்குப் பென்சிலால் ஒளி கொடுப்பார். கசங்கிய சேலைக்குக் கரை எழுதுவார். அவ்வுருவம் பாட்டியைப் போல் இருந்ததா என்பது வேறு கேள்வி. வீட்டார் அதனை ஏற்றுக்கொண்டனர், மாலையிட்டனர், ஆண்டுதோறும் பொட்டிட்டனர். ஒரேயொரு முகம் ஒரேயொரு தாளில் இருந்தமையால் அத்தாளுக்கு அத்துணை மதிப்பு.

இந்து நகர்

அத்தாள் எங்கிருந்து வந்தது? நாடு விடுதலை பெற்ற பின்னரும் பிலிமும் புகைப்படத் தாளும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அந்நியச் செலாவணி அருமையான காலம் அது. இந்நிலையை மாற்ற 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தை நடுவணரசு அமைத்தது. பிரான்சின் போஷே நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. ஆலைக்குத் தேர்ந்த இடம் உதகமண்டலம். 1967இல் உற்பத்தி தொடங்கியது.

உதகையை ஏன் தேர்ந்தனர் என்பதற்கு அத்தொழிலின் இயல்பே விடை. பிலிமின் உயிர் அதன்மேல் பூசப்படும் குழம்பில் உள்ளது. வெள்ளிப் புரோமைடின் நுண்மணிகளை ஜெலட்டின் என்னும் கூழில் கலந்து, நகரும் பிலிமின் மீதோ தாளின் மீதோ ஒரே கனத்தில் பூசவேண்டும். பூசியதும் குளிர்ந்த காற்றில் அக்கூழ் உறையவேண்டும்; பின் மெல்ல உலரவேண்டும். ஒரு தூசு விழுந்தால் அது படத்தில் ஒரு புள்ளி. நீரில் கறை இருந்தால் அது ஒரு மாசு. வெப்பம் ஏறினால் குழம்பு இளகும். தூசற்ற காற்றும் தெளிந்த நீரும் இயற்கைக் குளிரும் ஒருங்கே அமைந்த இடம் வேண்டும் என்றால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கு இணையாகத் தமிழ்நாட்டில் அதிக இடங்கள் இல்லை. ஒளிபட்டால் கெடும் பொருளைச் செய்யும் ஆலையாதலின் அதன் முக்கிய வேலைகள் இருளில் நடந்தன. பகல் முழுதும் இருளில் பழகிய கைகளால் வேலை செய்து, மாலையில் வெளிச்சத்துக்கு வரும் ஒரு தொழிலாளர் வகுப்பு நீலகிரியில் உருவாயிற்று.

அந்நிறுவனத்தின் சரக்குகளுக்கு 'இந்து' என்று பெயர். வடமொழியில் அச்சொல் நிலவைக் குறிக்கும். பழைய இரசவாதிகளோ வெள்ளியை நிலவின் உலோகம் என்றனர். வெள்ளியால் ஆன பிலிமுக்கு அதைவிடப் பொருந்தும் பெயர் வாய்ப்பது அரிது. கறுப்பு வெள்ளைத் திரைப்படப் பிலிம், எக்ஸ்ரே பிலிம், அச்சுத் தொழிலுக்கான பிலிம், ஸ்டூடியோக்களின் புரோமைடுத் தாள் என்று அதன் சரக்குகள் நாடெங்கும் சென்றன. ஆலையைச் சூழ்ந்த பகுதி இந்து நகர் ஆயிற்று. உள்ளூரார் வாயில் 'எச்.பி.எஃப்.' என்பது ஓர் ஊரின் பெயராகவே நிலைத்தது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் சில நூறு ஐரோப்பியருக்காகக் கடல்கடந்து வந்த தாள், இப்போது அதே மலையில் செய்யப்பட்டுத் தேர்வு எழுதும் மாணவனின் நுழைவுச்சீட்டுக்கும், பேருந்துப் பயணச் சலுகை அட்டைக்கும், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கும் பயன்பட்டது. ஸ்டூடியோக்களில் போஸ்ட்கார்டு, கேபினட், ஃபுல் சைஸ் என்று அளவுகள் பெயர்பெற்றன. கறுப்பு வெள்ளைப் படத்தை ஏறத்தாழ 20 பாகை வெப்பத்தில் கழுவலாமாதலால், ஒரு சிறு அறையும் சிவப்பு விளக்கும் மூன்று தட்டுகளும் இருந்தால் சிற்றூரிலும் இருட்டறை நடத்த முடிந்தது. அச்சிறு அறைகளே எளியோரின் முகத்தைச் சுவரில் ஏற்றின.

இக்காலத்தில்தான் நீலகிரிக்கு வேறொரு மக்கள் கூட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என ஒத்திவைக்கப்பட்டது. தாயகம் திரும்பியோர் எனப்பட்ட அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் லயன் வீடுகள் எழுந்தன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியே வந்தோரின் பெட்டிகளில் கடவுச்சீட்டு இருந்தது. அதில் முகம் இருந்தது. யாரை எந்த நாட்டில் சேர்ப்பது என்று முடிவு செய்த அலுவலகத்தின் தேவைக்கு எடுத்த படம் அது. ஆனால் பிரிந்துபோன உறவுகளில் ஒரு பாதி அக்கரையில் தங்கிவிட்ட குடும்பத்துக்கு, அலுவலகத்துக்கென எடுத்த படமே சில வேளை குடும்பப் படமும் ஆகும். மார்ஷலின் நூலில் நின்ற தோதவருக்கும் கடவுச்சீட்டில் நோக்கும் தொழிலாளிக்கும் ஒற்றுமை உண்டு. இருவரும் பிறர் கணக்கெடுப்பின் பொருட்டே கருவிமுன் நின்றனர். வேற்றுமையும் உண்டு. பின்னவர் கையில் தாள் இருந்தது. அதைப் பெரிதாக்கித் தர ஒரு ஸ்டூடியோவும், சட்டமிட்டுத் தர ஒரு பிரேம் கடையும் கீழே கடைவீதியில் இருந்தன.

வெள்ளி மறைந்த கதை

வண்ணம் வந்ததும் இவ்வமைப்பு குலைந்தது. வண்ணப் பிலிமை ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தில், சிறிதும் மாறாமல் கழுவவேண்டும். அதற்குக் கலர் லேப் தேவை. சிற்றூர் இருட்டறைகள் மெல்ல மூடின. 36 படங்கள் கொண்ட சுருளைக் கொடுத்து மேக்ஸி சைஸ் படங்களை உறையில் வாங்கும் காலம் வந்தது. வண்ணப் படத்தில் வெள்ளி தங்குவதில்லை. சாயம் மட்டுமே தங்கும். 1970களிலும் 80களிலும் எடுத்த திருமணப் படங்கள் பல இன்று சிவந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே: நீலச் சாயம் முதலில் வெளிறிவிட, செம்மை எஞ்சுகிறது. அவற்றுக்கு முப்பது ஆண்டு மூத்த கறுப்பு வெள்ளைப் படம் அதே சுவரில் தெளிவாக இருப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

உதகை ஆலை கறுப்பு வெள்ளையின் ஆலை. வண்ணத்தின் வருகையும், 1991க்குப் பின் இறக்குமதிக்குத் திறந்த சந்தையும், பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்கென மேற்கொண்ட பெருஞ்செலவுத் திட்டத்தின் கடன்சுமையும் அதனை ஒருசேர அழுத்தின. 1996இல் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் டிஜிட்டல் யுகம் வந்துவிட்டது. 1975இல் கோடாக் நிறுவனத்திலேயே ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் காமிரா ஒரு படத்தை நாடாவில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. அக்கருவியைப் பெற்ற கோடாக்கே 2012இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. உதகை ஆலையின் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அளிக்க 2014இல் நடுவண் அமைச்சரவை ரூ.181.54 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. ஆலை ஓய்ந்தது. இந்து நகர் என்னும் பெயர் நிற்கிறது.

ஆலை மூடியதைப் பற்றிப் புலம்புவது நம் நோக்கமன்று. வெள்ளிப் பிலிம் போனதால் நோயாளிக்கோ மாணவருக்கோ நட்டமில்லை. நாம் கவலைப்படுவது வேறொன்றைக் குறித்து. முன்னாளில் படம் எடுத்தலே தாளில் முடிந்தது. கழுவாத பிலிமால் ஒருவருக்கும் பயனில்லையாதலால், எடுத்தவர் எவரும் படியெடுத்தே தீரவேண்டியிருந்தது. டிஜிட்டல் அக்கட்டாயத்தை நீக்கிற்று. 2000களில் எடுத்த படங்கள் குறுந்தகடுகளில் இருந்தன. எரித்துப் பதிந்த குறுந்தகட்டின் சாயப்படலம் காலப்போக்கில் கெடும், அதைப் படிக்கும் கருவியும் இப்போது பெரும்பாலான மடிக்கணினிகளில் இல்லை. அதன்பின் எடுத்தவை பழைய கைபேசிகளில் இருந்தன; கைபேசி பழுதானது. 1950இன் தாத்தாவுக்கு ஒரு படம் உண்டு, 2005இன் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்னும் விந்தை பல குடும்பங்களில் நேர்ந்துவிட்டது. நீலகிரியின் பழைய படங்கள் தாளாகக் கடல் கடந்தன. தாளாக இருந்தமையால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. நம் படங்கள் நம் கையிலேயே இருந்தும் தொலைகின்றன.

இனிச் செய்யத்தக்கது

தீர்வு எளியது, பெருஞ்செலவும் இல்லை. ஆண்டுக்கு நான்கோ ஐந்தோ படங்களைத் தேர்ந்து தாளில் ஏற்றி, அவற்றுள் ஒன்றையேனும் சட்டமிட்டு மாட்டுதல் வேண்டும். அதைச் செய்வோர்க்குச் சில குறிப்புகள் உதவலாம்.

முதலாவது அளவு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கையில் ஏந்திப் பார்க்கும் படத்துக்கு நல்ல கணக்கு. 6×4 அங்குலப் படத்துக்கு 1800×1200 புள்ளிகள் போதும். சுவரில் எட்ட நின்று காணும் 12×18 அங்குலப் படத்துக்கு 200 புள்ளிக் கணக்கில் 3600×2400 வேண்டும். இன்றைய கைபேசிகள் இதனை எளிதில் தரும். ஆனால் வாட்ஸ்அப் வழியே வந்த படம் பொதுவாக நீளத்தில் 1600 புள்ளி அளவுக்குச் சுருக்கப்பட்டே வருகிறது. ஆகவே எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குதல் நன்று. இரண்டாவது வடிவம். கைபேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தது. மேக்ஸி தாளோ 3:2. அப்படியே கொடுத்தால் கிடைப்படத்தில் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் பெரியவர்களின் தலை போவது இப்படித்தான். எங்கே வெட்டுவது என்பதை நாமே முடிவு செய்து கொடுக்கவேண்டும். அல்லது 6×8, 9×12, 12×16 என விகிதம் பொருந்தும் அளவுகளைக் கேட்கவேண்டும். மூன்றாவது வெளிச்சம். திரை தானே ஒளிர்வது. தாள் பிற ஒளியைத் திருப்புவது. திரையின் ஒளியை முழுதாக ஏற்றிவைத்துப் பார்த்துக் கொடுத்த படம் தாளில் இருண்டே வரும். ஒளியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்துத் தேர்தல் வேண்டும்.

சட்டமிடுதலில் மலைநாட்டுக்கெனத் தனிக் கவனம் தேவை. தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்தைக் கொண்டுவருகிறது; அதன்பின் வடகிழக்குப் பருவம். கண்ணாடியோடு நேரே ஒட்டி வைத்த படம் ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு வரும். ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டையின் கனம் இடைவெளியாக நிற்கவேண்டும். அந்த அட்டை அமிலம் நீக்கியதாக இருத்தல் நலம். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும். மழைச்சாரல் படும் புறச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டவேண்டும். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும், பூஞ்சை குறையும். சன்னலுக்கு எதிரே வெயில்படும் இடம் சாயத்துக்குப் பகை. பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே படம் வைப்பது அழகாகத் தோன்றினும், சூடும் புகையும் மாறிமாறிப் படும் இடம் அது. லேமினேஷன் செய்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. ஒட்டிய படலத்தைப் பின்னர்ப் படத்துக்குச் சேதமின்றி நீக்க இயலாது. ஆகவே ஒரேயொரு படி மட்டும் உள்ள பழைய படத்துக்கு அதைச் செய்யலாகாது. அதை ஸ்கேன் செய்து, புதுப்படியைச் சட்டமிட்டு, மூலத்தைக் காற்றுப்புகும் தாளுறையில் உலர்ந்த பெட்டியில் வைப்பதே முறை.

கடைசியாகச் செய்யவேண்டியது மிகச் சிறியது; பெரும்பாலோர் மறப்பதும் அதுவே. சட்டத்தை மூடுமுன், படத்தைத் தாங்கும் அட்டையின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், நிற்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதவேண்டும். ஊரையும் ஆண்டையும் சேர்க்கவேண்டும். பேனா மை காலப்போக்கில் ஊறி முன்புறம் தெரியும். பென்சிலின் கரி ஊறாது. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் சல்லிவன் தங்கிய பழைய பங்களா புதுப்பிக்கப்பட்டு, நீலகிரியின் பழைய படங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அத்தகைய படங்களின் முன் நிற்கும்போது, இவர் யார் என்று கேட்கத் தோன்றும் முகங்கள் பல. வெயிலும் வெள்ளியும் பொன்னும் செலவிட்டு அவற்றைத் தாளில் ஏற்றியவர்கள் ஒரு வரி எழுதச் செலவிடவில்லை. அவ்வரியை எழுதக்கூடியவர்கள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். பழைய குழுப்படத்தைக் கையில் கொடுத்து, அம்மா, இவர் யார், அவர் யார் என்று இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே கேட்டு எழுதிவிடலாம்.